வேனிற்காலத்திலே உடம்பைப் பேணும் அறம்

சைவ நன்மக்களே!

மானுடப் பிறவி பெறுதற்கரியது என்பது நம் ஆன்றோர் பலகாலும் எடுத்தோதிய உண்மை. அநாதியே ஆணவமலத்தாற் கட்டுண்டு கிடக்கும் ஆன்மாக்கள் அம்மலத்தினின்றும் நீங்கித் தம் திருவடியை அடைதற்பொருட்டுச் சிவபெருமான் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் கொடுத்தருளினார். அந்நான்கினுள் முதலில் வைத்து எண்ணப்பட்டது தனுவாகிய இவ்வுடம்பு. திருக்கோயிலை வலம்வரும் கால்களும், கும்பிடும் கைகளும், திருமுறை ஓதும் நாவும், அதனைக் கேட்கும் செவிகளும் உடம்பைச் சார்ந்தே நிற்கின்றன. ஆதலால் இவ்வுடம்பு நாம் விரும்பியவாறு செலவிடத்தக்க நம்முடைய சொத்தன்று. ஒரு பெருங்காரியத்தின் பொருட்டு நம்மிடத்து ஒப்புவிக்கப்பட்ட பொருளாகும். ஒப்புவித்த பொருளைப் பேணாது கெடுப்பவன், ஒப்புவித்தவருக்கு என்ன விடை கூறுவான்?

உடம்பைப் பற்றி மக்கள் செய்யும் பிழை இரண்டு. உடம்பே மெய்ப்பொருள் என்று கருதி, அதனை அலங்கரித்தலிலும் அதற்கு இன்பந் தேடுதலிலும் வாழ்நாளைக் கழித்தல் ஒன்று. உடம்பு பொய்ப்பொருளேயென்று இகழ்ந்து, அதனை வருத்துதலே பத்தியென்று மயங்குதல் மற்றொன்று. முன்னைய பிழையைக் கண்டித்துப் பேசுவார் பலர். பின்னைய பிழையைப் பற்றிப் பேசுவார் சிலரே. வேனிற்காலம் வருந்தோறும் அப்பின்னைய பிழையினால் வருந்துவோர் நம்மிடையே உளராதலால், அதனைக் குறித்தும், இக்காலத்திலே உடம்பைப் பேணுதற்குரிய எளிய வழிகளைக் குறித்தும் ஈண்டுச் சில கூறப்புகுந்தாம்.

தமிழ்ப் பெரியோர் ஓராண்டினை ஆறு பருவமாக வகுத்தனர். அவற்றுள்ளே சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். பெயரளவில் இளவேனிலாயினும், நம் யாழ்ப்பாணத்திலே அதன் பிற்கூறு இளமையுடையதன்று. சித்திரைப் பிறப்பை அடுத்த நாள்களிலே சூரியன் நண்பகலில் நம் உச்சிக்கு நேரே நிற்கின்றான். பின்பு மே மாதம் 4ஆந் தேதியளவிற் றொடங்கி 28ஆந் தேதியளவில் முடியும் நாள்களைப் பஞ்சாங்கத்தார் அக்கினி நட்சத்திரம் என்பர். நம்மூரார் காண்டாவனம் என்பர். அக்கினிதேவன் காண்டவ வனத்தை எரித்துண்ட பாரதக் கதையை உட்கொண்டு எழுந்த பெயர் இது. அந்நாள்களிலே வாடை ஓய்ந்துபோயிற்று. சோளகமோ செவ்வையாக எழுந்திலது. மரத்தின் இலையும் அசையாது. நமது நாடு கடல் சூழ்ந்ததாதலாற் காற்றிலே ஈரமும் மிகுந்திருக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரையிற் பெய்த மழை நிலத்தடியிற் சேர்ந்ததே நமக்கு நீராதாரமாதலால், இக்காலத்திலே கிணறுகளும் வற்றத் தொடங்கும்.

இவ்வெப்பம் உடம்பை வருத்தும் வகையைச் சிறிது விளக்குவாம். சுகதேகியின் உள்வெப்பம் ஏறக்குறைய 37 பாகை செல்சியசு. புறத்தே வெப்பம் மிகும்போது உடம்பு வேர்வையை வெளிப்படுத்துகின்றது. அவ்வேர்வை ஆவியாகிச் செல்லும்போது வெப்பத்தையும் உடன்கொண்டு செல்லுதலால் உடம்பு குளிர்கின்றது. மண்பானையின் நுண்டுளைகளாற் கசிந்த நீர் புறத்தே உலர்தலால் உள்ளிருக்கும் நீர் குளிர்தலும் இம்முறையே. ஆனாற் காற்றிலே ஈரம் மிகுந்த நாளில் வேர்வை எளிதில் உலர்வதில்லை. ஒழுகி வீணே போகும். நீரும் உப்பும் குறையும், வெப்பமோ குறையாது. இருதயம் மிகுதியாக உழைக்கும். முதியோர், குழந்தைகள், கர்ப்பவதிகள், இருதயநோயும் சலரோகமும் உடையோர், வெயிலில் நின்று உழைப்போர் ஆகியோரை இது முதலில் தாக்கும். உலக வானிலை அமைப்பின் கணிப்பின்படி, அதுவரை அளவிடப்பட்ட ஆண்டுகளுள் மிக வெப்பமானது 2024ஆம் ஆண்டு. நம் பாட்டன்மார் பொறுத்த வெயிலன்றோ இது என்று இனிக் கூறியிருத்தல் அமையாது.

இனி, வெயிலால் வருந்திய தம்மடியாரிடத்து இறைவர் யாது செய்தார் என்பதைத் திருத்தொண்டர் புராணத்திலே நோக்குவாம்.

திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் வேனிற்காலத்திலே அடியார் கூட்டத்தோடு திருப்பட்டீச்சரத்தை நோக்கி எழுந்தருளினார். வெயில் கொடிதாயிருந்தது. சிவபெருமான் தம் பூதகணங்களை ஏவி முத்துப்பந்தர் பிடிப்பித்து அவருக்கு நிழல் செய்தருளினார். திருநாவுக்கரசு நாயனார் திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியிலே பசியாலும் தாகத்தாலும் இளைத்தார். சிவபெருமான் அவ்வழியிலே சோலையும் குளமும் உண்டாக்கி, ஓர் அந்தணர் வடிவங்கொண்டு பொதிசோறு கையிலேந்தி எதிர்நின்று, உண்டு நீர் பருகி இளைப்பாறும்படி செய்தருளினார். சுந்தரமூர்த்தி நாயனார் திருக்குருகாவூருக்குச் சென்றபோதும் அவ்வாறே வழியிலே தண்ணீர்ப்பந்தரமைத்துச் சோறும் நீரும் அளித்தருளினார்.

அன்பர்களே, இம்மூன்று வரலாறுகளையும் ஒருங்கு வைத்துச் சிந்தியுங்கள். மூவரும் பெரியோர். மூவர்க்கும் வெயிலைப் பொறுக்கும் மனவலி இல்லையென்பது யார் கூறுவார்? ஆயினும் இறைவர், அன்பராயின் பொறுக்கட்டும் என்று வாளாவிருந்திலர். ஒருவருக்கு நிழலும், ஏனையிருவர்க்கும் சோறும் நீரும் அளித்தார். அளித்தவற்றை அம்மூவரும், இவை உடம்புக்குரியன, எமக்கு வேண்டா என்று மறுத்திலர். நிழல், நீர், உணவு என்னும் இம்மூன்றுமே வேனிற்காலத்து உடற்பேணலுக்கு முதலாவன. இவற்றை முறையே கூறுவாம்.

நிழலாவது வெயிலின் கொடுமை மிகுந்த வேளையிலே அதிற் படாதிருத்தல். முற்பகல் 11 மணி முதற் பிற்பகல் 3 மணி வரையும் வெயில் மிகக் கொடியது. தோட்டஞ் செய்வார் இறைப்பையும் கொத்தையும் விடியற்புறத்திலும் மாலையிலும் வைத்துக்கொள்வாராக. நம் முன்னோர் அவ்வாறே செய்தனர். கூலிக்கு ஆள் வைப்போர், தாம் விறாந்தையிலிருந்துகொண்டு அவரை உச்சிவெயிலில் நிறுத்துதல் அறமன்று. பகலில் ஓய்வுகொடுத்து மாலையில் வேலைகொள்வாராக. அவ்வோய்வு வேளைக்குரிய கூலியைக் குறைத்தலும் அறமன்று. வெளியே செல்லுதல் இன்றியமையாதாயிற் குடை பிடித்துச் செல்க. அது பெண்களுக்கும் முதியோர்க்குமே உரியதென்று ஆடவர் நாணவேண்டுவதில்லை. வெண்மையும் நொய்ம்மையும் உடைய பருத்தியாடையே இந்நாட்டுக்கு ஏற்றது. முன்னே பனையோலையால் வேய்ந்த வீடுகளிலே வெப்பம் எளிதில் இறங்காது. இக்காலத்துச் சீமெந்துத் தட்டோ பகலெல்லாம் உண்ட வெப்பத்தை இரவெல்லாம் உமிழும். ஆதலாற் பகலில் வெயில் புகும் சாளரங்களை மறைத்தும், இரவில் அவற்றைத் திறந்துவைத்தும், வீட்டின் மேற்குப்புறத்திலே வேம்பு முதலிய மரங்களை நட்டும் வெப்பத்தைத் தணித்துக்கொள்க. இன்று நட்ட வேம்பு நாளை நிழல்தராது. ஆயினும் நம் பிள்ளைகளுக்குத் தரும்.

நீராவது, தாகம் எடுத்தபின் குடிப்போம் என்றிராது, இடையிடையே பருகுதல். முதுமையிலே தாகவுணர்ச்சி குறையும். ஆதலால், எனக்குத் தண்ணீர் வேண்டாம் என்று பாட்டி கூறினாராயின் அதனை அவ்வளவில் விட்டுவிடலாகாது. சிறுநீர் மிக மஞ்சணிறமாய்ச் சிறிதளவே கழியுமாயின் உடம்பிலே நீர் குறைந்ததென்று அறிக. நீரைக் கொதிப்பித்து ஆறவைத்து மண்பானையிலே மூடிவைத்துப் பருகுதல் நன்று. எமது நாட்டு நிலம் சுண்ணக்கல் நிலமாதலின், மலகூபக் குழியினின்றும் கசிவது கல்லின் வெடிப்புக்களாலே கிணற்றை அடைதல் எளிது. தெளிவாய்த் தோன்றும் நீரெல்லாம் தூய நீரன்று. நெருப்புக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் பெரும்பாலும் இவ்வழியிலேயே வருகின்றன.

இவ்விடத்து ஒன்று கூறுவாம். யாம் இளமையிலே கற்றது மிசன் நிறுவிய பாடசாலை ஒன்றிலே. நீரைக் கொதிப்பித்தலும், கைகழுவுதலும், ஈ மொய்த்ததை விலக்குதலும் அங்கே எமக்குச் சுகாதாரப் பாடமாகக் கற்பிக்கப்பட்டன. சமயத்தால் எம்மின் வேறாயினாரிடத்தும் கொள்ளத்தக்கது உண்டாயின் அதனைக் கொள்ளுதலில் இழுக்கில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலே மானிப்பாயிலிருந்து மருத்துவம் செய்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழிலே ஆக்கி, தமிழிலேயே மாணாக்கர்க்குக் கற்பித்தார். அந்நன்றியை நாம் மறவோம். அதே வேளையில், புறத்தே சென்று வருவோர் கால்கழுவியே உட்புகுதலும், நீராடிய பின்பே அடுக்களை புகுதலும், எச்சில் விலக்குதலும் ஆகிய நம் ஆசாரங்களும் அச்சுகாதாரத்துக்கு இயைந்தனவே. அவற்றைப் பழமையென்று நகைத்துக் கைவிட்ட வீட்டார், பின்னர் அவற்றையே வைத்தியர் வாயாற் கேட்டுத் தொடங்குகின்றனர்.

பருகுதற்குரியன நம் நாட்டிலே பல. உப்பும் இஞ்சியும் கறிவேப்பிலையும் இட்ட மோர் வேர்வையாற் போன நீரையும் உப்பையும் ஒருங்கே மீட்பது. தேசிக்காய்ச் சாறும், ஊறுகாய்த் தண்ணீரும் அத்தகையன. இளநீர் சிறந்தது, ஆனாற் சிறுநீரகநோய் உடையோர் வைத்தியரைக் கேட்டே அதனைப் பருகுவாராக. சுண்ணாம்பு பூசிய முட்டியிலே இறக்கப்படும் பதநீர், அச்சுண்ணாம்பினாலே புளியாது இனித்து நிற்கும். இறக்கிய பொழுதே பருகத்தக்கது. சலரோகம் உடையோர் இனிப்புப் பானங்களை விலக்கி மோரையும் வெறுநீரையுமே கொள்ளுக. இருதயநோய், சிறுநீரகநோய் காரணமாக நீரின் அளவு வைத்தியராற் குறிக்கப்பட்டோர் அவ்வளவைக் கடவாதிருக்க. கள்ளும் சாராயமும் சமயத்தால் விலக்கப்பட்டன என்பது ஒருபுறமிருக்க, அவை உடம்பிலுள்ள நீரையும் போக்கி அறிவையும் மயக்குதலால் வெயிற்காலத்திலே இருமடங்கு கேடு பயப்பன. கடைகளில் விற்கும் வண்ணச் சர்க்கரைநீர்களை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, முற்றத்துத் தேசிமரத்துக் காய்களை நிலத்தில் விழவிடுவாரும் நம்முள் உளர்.

வயிற்றோட்டத்தால் நீர் வற்றினோர்க்கு ஜீவனிப் பொட்டலத்தை அதிற் குறித்தவாறு கரைத்துக் கொடுக்க. அது கிடையாதாயின், கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரிலே மட்டமாக எடுத்த ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருகச் செய்க. உப்பு இவ்வளவின் மிகுதல் ஆகாது.

உணவிலே, இக்காலத்துக்கு வேண்டியவற்றை இக்காலமே தருகின்றது. வெள்ளரிப்பழமும், வத்தகைப்பழமும், பனையின் நுங்கும் நீர் நிறைந்தன. வேம்பு பூத்துச் சொரிகின்றது; அப்பூவைக் கூட்டி உலர்த்தி வடகம் செய்தல் நம் பெண்மக்கள் அறிந்த தொழில். இரவிலே நீரூற்றி மூடிவைத்த பழஞ்சோற்றை விடியலில் மோரும் வெங்காயமும் கூட்டி உண்டு தோட்டத்துக்குச் செல்லுதல் உழவர் வழக்கம். எண்ணெயிற் பொரித்தனவும் மிக்க உறைப்பும் குறைக்கத்தக்கன. வயிறு முட்ட உண்ணாது சிறிது சிறிதாக உண்ணுக. காலையிற் சமைத்தது இவ்வெப்பத்திலே நண்பகலிற் கெடத் தொடங்கும். திருக்கோயில்களில் அன்னதானம் நடாத்துவோர் இதனை நன்கு மனத்திற் கொள்ளல் வேண்டும். அதிகாலையிற் பெருங்கிடாரங்களிற் சமைத்துப் பகல்வரை ஆறவிட்டு வழங்கிய சோற்றால் அடியார் நோயுறுவாராயின், தருமத்தின் பயன் யாது?

இனி வெப்பத்தால் வரும் இடரின் அறிகுறிகளை யாவரும் அறிந்திருத்தல் வேண்டும். தலைச்சுற்று, தலைவலி, மிகுந்த வேர்வை, ஓங்காளம், கைகால்களிற் பிடிப்பு என்பன முதலில் தோன்றும். அப்பொழுதே நிழலிற் கிடத்தி, உடையைத் தளர்த்தி, நீரும் உப்புக் கூடிய பானமும் கொடுத்து, ஈரத்துணியாற் றுடைத்து விசிறினால் நீங்கும். அதனைப் பொருட்படுத்தாது விட்டால் உள்வெப்பம் 40 பாகைக்கு மேற் செல்லும், தோல் தீப்போற் காயும், பேச்சுத் தடுமாறும், அறிவு மயங்கும், உணர்விழந்து வீழ்தலும் கூடும். அது உயிருக்கு இறுதி பயக்கும் நிலை. அந்நிலையில், உடனே உடம்பெங்கும் நீரை வார்த்து விசிறுக; கழுத்திலும் கக்கத்திலும் அரையிடுக்கிலும் குளிர்ந்த துணிகளை வைக்க; 1990 என்னும் இலக்கத்தாலே இலவச நோயாளர் வண்டியை அழைக்க. உணர்வில்லாதவர் வாயிலே நீர் ஊற்றலாகாது. அது மூச்சுக்குழலிற் புகுந்து இடர் செய்யும்.

யாம் ஒரு கோயிலின் வைகாசித் திருவிழாவிலே கண்டதொன்று இங்கே கூறத்தக்கது. உச்சிப்பொழுதிலே நோன்போடு வீதிவலம் வந்த ஒரு மாது தடுமாறினார், பொருளற்ற சொற்களைப் பேசினார், கண்கள் செருகின. சூழ நின்றோர் அம்பாள் கலை வந்ததென்று கைகூப்பிக் கற்பூரங் கொளுத்தினர். சிலர் தம் குறைகளைச் சொல்லி வாக்குக் கேட்டனர். அக்கூட்டத்தில் நின்ற தாதிப்பெண் ஒருத்தி அம்மாதின் நெற்றியைத் தொட்டுப்பார்த்து, இது காய்ச்சலினும் கொடிது என்று சத்தமிட்டு, பிள்ளைகள் கொணர்ந்த வாளிநீரைத் தலையிலிருந்து வார்த்தாள். முதலிற் பலர் அவளைச் சினந்தனர். வண்டி வந்து வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று, மூன்றாம் நாள் அம்மாது நலமாய் வீடு திரும்பினார். அத்தாதி அன்று அங்கே நின்றிலளாயின், நாம் ஒரு தாயைக் கற்பூர ஒளியிலே சாகவிட்டு, அதனை அம்பாள் திருவருளென்றும் சொல்லியிருப்போம். பத்தியும் அறியாமையும் ஒரே இடத்தில் நிற்கும்போது, கொல்வது அறியாமை. பழி சுமப்பது பத்தி.

இங்கே ஒருவர் தடை கூறலாம்: “திருநாவுக்கரசு நாயனாரை ஏழுநாள் நீற்றறையில் இட்டபோது அது அவருக்குக் குளிர்ந்திருந்ததன்றோ? அன்புடையாரை வெப்பம் என்செய்யும்?” என்று. நன்று, அவ்வரலாற்றையே நோக்குவாம். நாயனார் நீற்றறையைத் தாமே தேடிப் புகுந்தாரா? பல்லவ மன்னன் ஏவலால் அதனுள் இடப்பட்டார். பிறர் செய்த கொடுமையினின்றும் தம் அடியாரை இறைவர் காத்தருளியது அது. அதே நாயனார் பைஞ்ஞீலி வழியிலே நடந்து இளைத்தபோது, வெயில் அவருக்குக் குளிர்ந்திலது. குளமும் சோலையும் சோறும் வேண்டியிருந்தன. இறைவர் காப்பார் என்பதை வைத்து இறைவரைச் சோதித்தல் அன்பாகாது. வலிய நெருப்பிற் புகுந்து, காத்தருளுக என்று கட்டளையிடுதல் அடிமைத் திறத்துக்கு ஒவ்வாது.

விரதத்தை யாம் விலக்குகின்றோமல்லோம். விரதம் மனம் பொறிவழிப் போகாது நிற்றற்பொருட்டு உண்டியைச் சுருக்குதல். ஆகவே அதன் பயன் மன ஒடுக்கமேயன்றி உடம்பின் அழிவன்று. உபவாசம் இயலாதார்க்குப் பால், பழம், ஒருபொழுதுணவு எனப் படிகள் நம் முன்னோராலேயே வகுக்கப்பட்டுள்ளன. முதியோரும், நோயாளரும், கர்ப்பவதிகளும், சிறுபிள்ளைகளும் இக்காண்டாவன நாள்களிலே நீரும் அருந்தா நோன்பை மேற்கொள்ளாதிருக்க. நாடொறும் மருந்துண்போர் வைத்தியரை வினவியே நோன்பிருக்க. செல்வச்சந்நிதியினின்றும் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார்கள், விடியலிலும் மாலையிலும் நடந்து பகலில் மரநிழலில் தங்குக. ஒருவரும் தனித்துப் பின்தங்காதபடி பார்த்துக்கொள்க. வற்றாப்பளைக் கண்ணகியம்மன் வைகாசிப் பொங்கல் போன்ற பெருவிழாக்களுக்குப் பிள்ளைகளோடு செல்வோர் நீரைக் கையிற் கொண்டே செல்க. கோயிற் றருமகர்த்தாக்கள் வெயிலிற் காய்ந்த கல்தளத்திலும் மணலிலும் அங்கப்பிரதட்டை செய்வார் மேனி வேகாதபடி நீர் தெளிப்பித்தும், பந்தலிட்டும், இயலுமாயின் நேரத்தை வைகறைக்கு மாற்றியும் உதவுக. மட்டக்களப்பு நாட்டிலே கண்ணகியம்மனுக்கு வைகாசியிற் குளிர்த்தி செய்து விழா முடிப்பர். அம்மையைக் குளிர்விக்கும் நாம் அவள் பிள்ளைகளையும் குளிர்வித்தல் வேண்டாவோ?

சிவாலயங்களிலே அக்கினி நட்சத்திர நாள்களிற் சிவலிங்கத் திருமேனிக்கு மேலே தாராபாத்திரம் தூக்கி, அதனின்றும் நீர் இடையறாது துளிக்கச் செய்தல் வழக்கம். இறைவருக்கு வெப்பமுமில்லை, தாகமுமில்லை. அத்துளிகள் வாயிலாக அடியார்க்குக் கற்பிக்கப்படுவது ஒன்றுண்டென்று யாம் கருதுவோம். கருவறையிலே துளி விழுந்துகொண்டிருக்க, கோயில்வாயிலிலே ஒருவன் நாவறண்டு நிற்பானாயின், அப்பூசை முற்றுப்பெற்றதென்று எவ்வாறு சொல்வோம்?

திங்களூரிலே அப்பூதியடிகள், தாம் முன்பு கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப்பந்தர் வைத்தார். அதன் குளிர்ச்சியைக் கண்டே நாவுக்கரசர் அவரை வினவி அறிந்தார். அப்பந்தரிலே நீர் பருக வந்தாரை அப்பூதியடிகள் குலம் வினவினார் என்று சேக்கிழார் சுவாமிகள் கூறிற்றிலர். நம் நாட்டு வரலாறோ வேறு. நம்மவருட் சில சாதியார் ஊர்க்கிணற்றிலே தாமாக நீரள்ளுதல் கூடாதென்று தடுக்கப்பட்டு, குடத்தோடு வெயிலிலே காத்துநின்று, பிறர் இரங்கி வார்த்ததைக் கொண்டுசென்ற காலம் இருந்தது. அத்தகைய தடையைக் குற்றமாக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டிலே, அவ்வாண்டின் 21ஆம் இலக்கச் சட்டமாக இயற்றப்பட்டது. திருநீறு அணிந்தோர் வாழும் நாட்டிலே தாகித்தவனுக்கு நீர் கொடுப்பதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்ததென்பது சைவராகிய நமக்கு நாணந் தருவது. சட்டம் கிணற்றைத் திறந்தது. மனத்தைத் திறத்தல் நம் கடன். இன்றும் கூலிக்கு வந்தவனுக்கு வேறு குவளையிலே நீர் கொடுக்கும் வீடு எங்கேனும் உண்டாயின், அவ்வீட்டிலே ஓதப்படும் திருமுறை செவிப்புலனளவில் நின்றுவிடுகின்றது.

நீரைக் கொடுத்தலோடு, நீரை அளவறிந்து எடுத்தலும் அறமே. நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றின் நீர் மேலே நன்னீராயும் ஆழத்திலே உவர்நீராயும் இருத்தலை அறிவீர்கள். நம் நாட்டு நிலத்தடி நீரின் இயல்பு அதுவே: உவர்நீரின்மேலே நன்னீர் மிதந்து நிற்கின்றது. பொறிவைத்து அளவின்றி இறைப்போமாயின் நன்னீர் ஒழிய உவர் மேலெழும். ஒருவன் பேராசையால் இறைப்பது அயலவன் கிணற்றையும் கெடுக்கும். ஆதலால் வேனிற்காலத்திலே நீரைச் சிக்கனமாய்ச் செலவிடுதலும் சிவபுண்ணியமென்று கொள்க.

இனி நம் இல்லத்தையும் அயலையும் நோக்குவாம். இக்காலத்திலே பல வீடுகளிற் பிள்ளைகள் பிறநாடு சென்றுவிட, தாயுந் தந்தையும் தனித்திருக்கின்றனர். பிள்ளைகள் அனுப்பும் பணம் அவர்களுக்குக் குறைவின்றி வருகின்றது. ஆனால் நண்பகலிலே மயங்கி வீழ்ந்தாற் கைகொடுத்துத் தூக்க அப்பணத்தால் இயலாது. காண்டாவனம் முடியுமளவும் நாடொறும் ஒருமுறை, இயலுமாயின் இருமுறை, அயல்வீட்டு முதியோரின் படலையைத் தட்டி, அப்பு, தண்ணீர் குடித்தீர்களோ என்று வினவுதல் அரிய தொண்டாகுமோ? ஐந்து நிமிடச் செலவு, ஒருயிர்க் காவல். ஆசிரியர்மார் பிள்ளைகளை வெயிலிலே வரிசையாக நிறுத்தி நெடும்பிரசங்கம் செய்தலையும், தண்டனையென்று முற்றத்திலே நிறுத்துதலையும், உச்சியில் விளையாட்டுப் பயிற்சி நடாத்துதலையும் விலக்குக. பாடவேளைக்கிடையே நீரருந்த விடை கொடுக்க.

நம் முன்னோர் தெருவோரங்களிலே சுமைதாங்கியும், மடமும், கேணியும், ஆவுரோஞ்சியும், அதன் அருகே மாடுகளுக்கு நீர்த்தொட்டியும் அமைத்து வைத்தனர். சுமந்து வருபவனும், நடந்து வருபவனும், வாய்பேசா மாடும் வெயிலில் வருந்துமென்று எண்ணியவர் செய்த தருமங்கள் அவை. பல இடங்களிலே அவை இடிந்து கிடக்கின்றன. அவற்றைப் புதுப்பிக்க இயலாதாயினும், படலையோரத்திலே ஒரு பானை நீர் வைக்க யாவர்க்கும் இயலும். பறவைகளுக்கும் நாய்க்கும் ஒரு சட்டியில் நீர் வைக்க. அதனை நாடொறும் ஊற்றி மாற்றுக, இல்லையேல் அதிலே நுளம்பு பெருகும்.

இங்குக் கூறியவை பெரும்பொருட் செலவோ பெருங்கல்வியோ வேண்டுவனவல்ல. வைகறையிலே எழுந்து நீராடித் திருநீறணிந்து வழிபாடு முடித்து, குளிர்ந்த வேளையிலே தொழிலைச் செய்து, வெயிலேறுமுன் நிழலை அடைந்து, அளவறிந்து உண்டு, இடையிடையே நீர் பருகி, பகலிற் சிறிது இளைப்பாறி, தாகித்தவர் எவராயினும் அவர்க்கு நீர் கொடுத்து இக்காலத்தைக் கழிப்பீர்களாக. சோளகம் வரும், வெயில் தணியும். அதுவரை நம் உடம்பையும் அயலார் உடம்பையும் காத்து, அவ்வுடம்பால் ஆகிய பயனைச் சிவபெருமான் திருவடிக்கே ஆக்குவோமாக.

திருச்சிற்றம்பலம்.